பஞ்சப்படி

ஜிப் வரவில்லை.
எந்தத் துறைமுகத்திலோ, எந்தக் கப்பலின் வயிற்றிலோ
நாற்பதாயிரம் ஜிப்புகள்
பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கின்றன.
பொம்மனஹள்ளியில், எங்கள் ஏழாம் லைனில்
வாய் பிளந்த ஜாக்கெட்டுகள்
இடுப்புயரம் குவிந்துவிட்டன.

மூன்று நாளாய்ச் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.
சும்மா இருப்பதற்கும் ஒரு ரேட் உண்டாம்,
பாதி.
மணிக்குத் தொண்ணூறு பீஸ் கேட்டுக் கத்துகிற சித்தலிங்கா
இப்போது எங்கள் முகம் பார்க்காமல்
ஃபேன்களை ஒவ்வொன்றாய் அணைத்துப் போகிறான்.
கரண்டும் செலவுதானே.

நோட்டீஸ் ஒட்டினார்கள்.
கன்னடத்தில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று.
ரஸ்மிதாவுக்கு ஒடியா மட்டும்தான் படிக்க வரும்,
அவளுக்காகப் புட்டதாயம்மா விரல் வைத்து வாசித்தாள்:
இந்த வருஷம் துட்டி பத்யெ இல்லை.
எனக்குத் துட்டு இல்லை என்றே காதில் விழுந்தது.
உங்க தமிழ்ல என்ன சொல்வீங்க என்றாள்.
பஞ்சப்படி என்றேன்.

சொன்ன பிறகுதான்
சோற்றில் கல்போல் அது பல்லில் பட்டது.
டிவியில் பணவீக்கம் என்கிறார்கள்,
மஞ்சள் பற்றுப் போட்டால் வடிந்துவிடும் என்பதுபோல.
யாரோ ஒரு குமாஸ்தா, நல்ல மனுஷன்,
எந்தக் காலத்திலோ ஒளிக்காமல் எழுதிவிட்டான்.
இது பஞ்சம்.
அதற்கு ஒரு படி.
தலைதட்டி அளப்பதா, கோபுரமாய்க் குவித்தா
என்பதை மட்டும் எழுதவில்லை.

ஹொங்கசந்திராவில் என் வீட்டுக்காரருக்கு
இந்தக் குழப்பமெல்லாம் இல்லை.
யுகாதிக்கு யுகாதி ஐந்நூறு ஏறும்,
நோட்டீஸ் ஒட்டாமலே.
சிலிண்டர் சொல்லிப் பதினெட்டு நாள்.
ஐந்து ரூபாய் பிஸ்கட்டில் இரண்டு குறைகிறது என்று
பையன் எண்ணிக் காட்டினான்.
விலை அதேதான், அம்மா, பாக்கெட்தான் ஒல்லி.

எனக்கு அந்த வசதி இல்லை.
அங்குலத்துக்குப் பத்துத் தையல்,
எட்டாய்ப் போட்டால் செக்கிங்கில் திருப்பி வீசுவார்கள்.

நாலாம் நாள் ஹெட் ஆபீசிலிருந்து பிரஜ்வல் சார் வந்தார்.
நூல் ஏறிவிட்டது, பட்டன் ஏறிவிட்டது,
கண்டெய்னர் வாடகை மூன்று மடங்கு,
கூலியும் ஏறினால் ஆர்டர் டாக்காவுக்குப் போய்விடும் என்றார்.
பொய் சொல்லவில்லை. அதுதான் சங்கடம்.
சட்டைக் காலரின் உள்பக்கம் நைந்திருந்தது,
நான் காலர் பார்க்கிறவள், தெரியும்.

ஷாஹிதா எழுந்தாள்.
ஜிப்காரன் விலை ஏற்றினானே, கொடுத்தீங்களா?
கொடுத்துத்தானே ஆகணும்மா,
இல்லேன்னா ஜிப் வராது.
ம், என்றாள்.
நாங்க தெனமும் வந்துடறோம் சார். அதான் தப்பு.

யாரும் கைதட்டவில்லை.
அவளே பயந்துபோய் உட்கார்ந்து
துப்பட்டா நுனியை மடித்து மடித்து
ஒரு சின்னக் காலர் மாதிரி ஆக்கிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை லாரி வந்தது.
அட்டைப்பெட்டிகள் லிஃப்டில் ஏறுவதைப் பார்த்தோம்.
ஞாயிறும் ஓவர்டைம், திங்கள் இரவு கப்பல் என்று
மைக்கில் சித்தலிங்கா.
யார் முதலில் உட்கார்ந்தது என்று கேட்டால்
இன்றைக்கும் சொல்லத் தெரியாது.
தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே
படிக்கு நாலு பேராய் உட்கார்ந்துவிட்டோம்,
டிபன் டப்பாவை மடியில் வைத்து.
ரஸ்மிதா என் பக்கத்தில்.
அந்தச் சொல்லைத் திரும்பக் கேட்டாள்,
பொஞ்சோ பொடி என்று சொல்லிப் பார்த்தாள்.
சிரிப்பு வந்தது. கால் மரத்துப்போயிருந்தது.

பதினோரு மணிக்கு
மேலே ஒரே ஒரு மெஷின் ஓடத் தொடங்கியது.
அவனேதான் உட்கார்ந்து
ஜிப் வைத்துப் பார்க்கிறான் போல.
சத்தம் ஓடி, நின்று, மறுபடி ஓடியது.
கோணலாய்ப் போகிறது என்றாள் புட்டதாயம்மா,
தலையை நிமிர்த்தாமல்,
எலுமிச்சைச் சாதத்திலிருந்து மிளகாயைப் பொறுக்கி
டப்பா மூடியில் வைத்தபடி.